கோழி ரத்தத்தில் ஓர் ஏணி

மளிகைக் கடைக்காரரோ தாசில்தாரோ தன் வேலை என்னவென்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார், குரோமாட்டின் ஆராய்ச்சி செய்கிறவள் மட்டும், "என்னம்மா வேலை பார்க்கிறே?" என்று கேட்டவரை முதலில் உட்காரச் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்துவிட்டீர்களா? சரி. நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நூல் இருக்கிறது. பிரித்து நீட்டினால் ஆளுயரத்துக்கு மேல் வரும். அது அடைந்து கிடக்கிற இடமோ ஊசி முனையைவிடப் பொடி. இவ்வளவு நீள நூல் சிக்கு விழாமல் அதற்குள் எப்படிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது? அந்தச் சுருட்டலுக்குத்தான் குரோமாட்டின் என்று பெயர். எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில், ரயில்வே லைனை ஒட்டிய ஒரு பழைய பங்களாவில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இதைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே வேலை பார்த்த சிலர் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள்.

எனக்கு வேண்டியது டாக்டர் பட்டம். அதற்கு உதவித்தொகை வேண்டும். அது தொடர வேண்டுமானால் வருஷா வருஷம் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வரும் கமிட்டி தலையை ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் விழுப்புரத்தில் அப்பா பேசி வைத்திருந்த கான்வென்ட் டீச்சர் வேலையும், கூடவே பேசி வைத்திருந்த பாங்க் மாப்பிள்ளையும் எனக்கு. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருக்கவும் நியாயமில்லை. ஆராய்ச்சி மாணவர்களாக இருந்து அடிபட்டவர்களே, இனி நான் சொல்லப் போவதெல்லாம் உங்களுக்குப் புதுசாக இருக்காது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

உப்பு போட்ட உபகாரம்

ஆட்டு ரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் டி.என்.ஏ. கிடையாது, கோழியின் சிவப்பு அணுக்களில் உண்டு. அதனால் எனக்குக் கோழி ரத்தம் வேண்டும். அப்போதெல்லாம் செங்கல்பட்டில் எந்தக் கறிக்கடைக்குப் போனாலும் ஆடுதான். தினம் கோழி அறுக்கிற கடை மதுராந்தகத்தில் மாணிக்கத்தினுடையது. ரத்தம் உறைந்துவிட்டால் என் வேலை குட்டிச்சுவர். உறையாமலிருக்க ஒரு மருந்தைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி முதல் நாளே அவரிடம் கொடுத்து, "இதுலயே புடிச்சு வையுங்க, வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் மாணிக்கம் முகமெல்லாம் பூரிப்பாகப் பாட்டிலை நீட்டினார். தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே கல்லுக் கட்டியாக உறைந்து கிடந்தது. என்ன ஆச்சு என்று கேட்டால், பாட்டிலில் ஏதோ அழுக்குத் தண்ணீர் கிடந்ததாம், கொட்டிவிட்டு நன்றாகக் கழுவி, ரத்தம் பிடித்து, ஒரு கை கல் உப்பும் போட்டிருக்கிறார். ரத்தப் பொரியலுக்கு எல்லாருக்கும் அப்படித்தான் கொடுப்பாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே தொங்கிக்கொண்டிருந்த கோழிக்குப் பக்கத்தில் நானே தொங்கியிருப்பேன். "அண்ணே, எனக்குத் தண்ணியாத்தான் வேணும்" என்றேன், அழாத குறையாக. மாணிக்கம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியா இருந்தா பொரியல் இன்னாமா பண்ணுவே? சமைக்கவே தெரியாத பொண்ணாக் கீறியே, கட்டிக்கப் போறவன் பாவம்!"

பஸ்ஸில் ஃபிளாஸ்க்

ரத்தத்தைச் சில்லென்று கொண்டுவர ஒரு ஃபிளாஸ்க் வாங்கினேன். ரோஜாப் பூ போட்ட, சிவப்பு மூடி வைத்த, வீட்டில் காப்பி கொண்டு போகிற அதே ஃபிளாஸ்க்தான். அடுத்த தரம் மாணிக்கம் கடையில் நானே குந்தி உட்கார்ந்து பிடித்து, அதில் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஓர் அம்மா. குழந்தை வீல் வீல் என்று அலறிற்று. "கொஞ்சம் வெந்நீர் குடும்மா, பால் பவுடர் கரைச்சுக்கறேன்" என்றார். "இதுல வெந்நீர் இல்லீங்க" என்றேன். "காப்பியா? அப்ப எனக்கு ரெண்டு வாய் குடு, தலை இடிக்கிது" என்று உரிமையோடு மூடியில் கை வைத்துவிட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். கஷாயம் என்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது உண்மைதான்: "கோழி ரத்தம்." குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. அந்த அம்மா எழுந்து நின்றார். முன் சீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, ஃபிளாஸ்க்கையும் என் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று அமாவாசை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, மரியாதையோடு சொன்னார்: "யம்மா, நீ பின்னால சீட்டுல போயி குந்திக்க. பூஜை எதுவா இருந்தாலும் பஸ்ஸ உட்டு எறங்கினப்பறம் வெச்சிக்க, எனக்கு ரெண்டு புள்ள கீது."

மாமாவுக்கு இடமில்லை

எங்கள் கூடத்தின் பின்பக்கம் ஒரு குளிர் அறை. என் கோழிச் சரக்கெல்லாம் அதில்தான் இருக்கும். சுற்று வட்டாரத்தில் அப்படி ஓர் அறை வேறு எங்கும் கிடையாது என்ற சேதி எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. என் பேராசிரியர் தாமோதரன் தங்கமான மனுஷர். யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கல்யாண வீட்டு மல்லிகைப் பூப் பந்து வந்தது. மந்திரிக்குப் போட வேண்டிய ரோஜா மாலை வந்தது. தலைமை குமாஸ்தாவின் பெண் சீமந்தத்துக்கு இரண்டு அண்டா தயிர் வந்தது. என் குழாய்களையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு அண்டாவை வைத்தார்கள். ஒரு வாரம் என் கையெல்லாம் மோர் வாசனை.

ஒரு நாள் காலை வார்டு கவுன்சிலர் நாலு ஆட்களோடு வந்தார். வாசலில் ஒரு வேன். அவர் மாமா முதல் நாள் சாயங்காலம் தவறிப் போய்விட்டார். மகன் டெல்லியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறான், வர இரண்டு நாள் ஆகும், அதுவரை மாமா நம் குளிர் அறையில் இருக்கட்டும் என்றார். தாமோதரன் சாருக்கு வேர்த்துக் கொட்டியது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக "முடியாதுங்க" என்றார். "உள்ள ஆராய்ச்சிச் சாமான் இருக்கு." கவுன்சிலர் நேராகப் போய்க் கதவைத் திறந்து பார்த்தார். அலமாரி அலமாரியாக என் ரத்தக் குழாய்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். கண் கலங்கியிருந்தது, உண்மையாகவே மாமா மேல் பிரியம் போல. "செத்துப் போன கோழிக்கெல்லாம் உள்ள எடம் கீது, எங்க மாமாவுக்கு இல்லியா? எலெக்‌ஷன் வரட்டும், பாத்துக்கறேன்."

டச்சிங் இலவசம்

இப்போது கொஞ்சம் விஷயத்துக்கு வருகிறேன். கொட்டாவி விட வேண்டாம், ஒரே பத்திதான். நூலை வெட்டுகிற என்சைம் ஒன்று உண்டு. கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. சும்மா குலைந்து கிடந்தால் என்சைம் கண்ட இடத்தில் வெட்டும், துண்டுகள் எல்லா நீளத்திலும் வரும். அவற்றை ஜெல்லில், அதாவது மின்சாரம் பாயும் ஒரு கூழ்ப் பலகையில், ஓட்டிப் பார்த்தால் ஒரே இழுவையாக, சுவரில் சாணி பூசினாற்போலத் தெரியும். ஆனால் நெருக்கமாகக் கட்டின மல்லிச் சரத்தைப் போல முடிச்சு முடிச்சாக, சம இடைவெளியில் சுற்றியிருந்தால்? கத்தரி முடிச்சில் இறங்காது, இடையிலிருக்கும் நாரில்தான் இறங்கும். அப்போது துண்டுகள் ஒரு முடிச்சு நீளம், இரண்டு முடிச்சு நீளம், மூன்று முடிச்சு நீளம் என்று வரும். ஜெல்லில் ஏணிப்படி மாதிரி கோடு கோடாக நிற்கும்.

இரண்டரை வருஷம் நான் பார்த்ததெல்லாம் சாணிதான். ஒரு செவ்வாய்க்கிழமை இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டேன். ஏணி! சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பளீரென்று, ஒன்றன் கீழ் ஒன்றாகப் படிகள். நான் போட்ட கூச்சலில் தாமோதரன் சார் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார். பார்த்துவிட்டுக் கம்பைக் கீழே போட்டார். உலகத்தில் வேறு யாரும் இதைப் பார்த்ததாக நாங்கள் படித்ததில்லை.

ஜெல் இரண்டு நாள் தாங்காது. போட்டோ எடுத்தேன். பிலிமைக் கழுவிப் படம் போட பஜார் ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரர் நல்ல தொழில்காரர். அம்மைத் தழும்பு முகத்தைக்கூடப் பெண் பார்க்க அனுப்புகிற படத்தில் பளிங்காக்கிவிடுவார் என்று ஊரெல்லாம் பேர். மூன்றாம் நாள் கவரைக் கொடுத்தார். பிரித்தேன். கன்னங்கரேலென்று ஒரு படம், நடுவில் வழவழவென்று ஒரு வெள்ளைத் தடம். ஒரு கோடுகூட இல்லை. நெகட்டிவைக் காட்டச் சொன்னேன். அதிலும் இல்லை. ஸ்டுடியோக்காரர் என் தவிப்பை நன்றி என்று எடுத்துக்கொண்டு சொன்னார்: "கோடு கோடா கீச்சு உழுந்து கெடந்ததுங்க. பிளேடு வெச்சு ஒவ்வொண்ணா சொரண்டி எடுத்தேன், கண்ணே போயிடுச்சு. படிச்ச பொண்ணு, டச்சிங்குக்குத் தனியா காசு வேணாம்."

கமிட்டி, முதல் தரிசனம்

ஏணி போனது போனதுதான். மறுபடி மதுராந்தகம், மறுபடி ஃபிளாஸ்க், மறுபடி பின்னால் சீட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் செய்தேன். ஏணி திரும்ப வந்தது. இந்தத் தடவை ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து, பிளேடைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு படம் போட்டு வாங்கினேன்.

அந்த வருஷம் கமிட்டி புதுத் தலைவரோடு வந்தது. தலைவர் தாவரவியலில் பெரிய பெயர். தங்க ஃபிரேம் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். நான் படத்தை நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராக்கிக் கொடுத்தேன். "இதை வெளிநாட்டுல யார் பார்த்திருக்காங்க?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார், நான்தான்," என்றேன், பெருமை தாங்காமல். அந்தப் பெருமைதான் எனக்கு எமன். அறை சில்லிட்டுப் போய்விட்டது. இன்னொரு உறுப்பினர் படத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, ஸ்டுடியோவில் கோடு வரைந்து வாங்கினீர்களா என்று கேட்டார். நான் அனுபவித்ததற்கு அந்த ஆளைக் கடித்திருக்க வேண்டும். தாமோதரன் சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆறு மாசம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் நம்பும்படியாக ஏதாவது கொண்டு வராவிட்டால் உதவித்தொகை நிற்கும். காரில் ஏறும்போது தலைவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "உலகத்துல ஒருத்தருமே பாக்காத ஒண்ணு, செங்கல்பட்டுல வந்து உனக்கு மட்டும் தெரியுமாம்மா?"

மாமல்லபுரம் பார்க்க வந்தவர்

வெளிநாட்டு விஞ்ஞானிகள் யாரும் எங்கள் கூடத்தைப் பார்க்க வந்ததில்லை. மாமல்லபுரம் பார்க்க வருவார்கள். வழியில் தாமோதரன் சார் மடக்கிப் பிடித்துவிடுவார். அப்படி மாட்டினவர் ஒருவர், வெயிலில் தக்காளியாகச் சிவந்த மனுஷர், எங்கள் துறைக்காரர். "இவர் வாயால ஒரு வார்த்தை வந்தா போதும், கமிட்டி மூச்சு விடாது" என்றார் சார். நானும் கூடவே போனேன். ஐந்து ரதமும் பார்த்தாயிற்று, கடற்கரைக் கோயிலும் பார்த்தாயிற்று. இளநீர்க் கடையில் அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தபோது, பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஓ, ஏணி!" என்றார். எனக்கு ஒரு நொடி சந்தோஷம், அடுத்த நொடியே சந்தேகம். பார்த்த மாத்திரத்தில் இவருக்கு எப்படித் தெரியும்? அவர் சாவகாசமாக விளக்கினார். அங்கே இரண்டு மூன்று இடங்களில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்களாம். அச்சிலும் வந்துவிட்டதாம். எங்களுக்குப் பத்திரிகை வருவது கப்பல் தபாலில். எந்தக் கடலில் மிதந்துகொண்டிருந்ததோ! நான் கடலைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். கோயிலுக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். மூன்று வருஷம் ரத்தம் சுமந்தது நான். தாமோதரன் சார் செய்வதறியாமல் தன் இளநீரையும் என்னிடம் நீட்டினார். விருந்தாளி உண்மையிலேயே நல்லவர். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்: "ஆனால் உங்கள் படம் மிகவும் அழகு, எங்களுடையதைவிடத் தெளிவாக இருக்கிறது."

அஞ்சலையின் விண்ணப்பம்

கோழி கைவிட்டுப் போயிற்று. இனி என்ன? தாமோதரன் சார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "விந்தணுவைப் பாப்போம்மா. அதுல இடம் ரொம்பக் குறைச்சல். நூலை வேற மாதிரி சுருட்டித்தான் வச்சிருக்கணும்" என்றார். விந்தணு நிறையக் கிடைப்பது கடல் முள்ளெலியில். அது உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் ஒரு கடல் பிராணி. வலையில் சிக்கினால் வலையைக் கிழித்துவிடும் என்பதால் கோவளத்து மீனவர்கள் அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. குப்பையோடு வீசிவிடுவார்கள். அதைக் காசு கொடுத்து வாங்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் குப்பமே திரண்டு வந்துவிட்டது.

மீன் விற்கிற அஞ்சலைதான் எனக்கு வாளி வாளியாகச் சேர்த்துக் கொடுத்தவள். நான் மணலிலேயே கடையைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் வாய் ஓரத்தில் ஊசி போடுவேன். கொஞ்ச நேரத்தில் ஆணாக இருந்தால் பால் மாதிரி வெள்ளையாக ஒழுகும், பெண்ணாக இருந்தால் முட்டை மஞ்சளாக வரும். வெள்ளையை மட்டும் குழாயில் பிடித்துக்கொள்வேன். அஞ்சலை குந்தி உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆம்பளையா பொம்பளையான்னு மேலால பாத்தா தெரியாதா?" என்றாள். "தெரியாது. ஊசி போட்டாத்தான் தெரியும்." "இன்னா ஊசி அது?" "ஒரு வகை உப்புத் தண்ணிதான்." "ஊசி போட்டதும் ஆம்பளயா இருந்தா தன்னால வந்துருமா?" "வந்துரும்." அஞ்சலை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் படகு நிழலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை, எல்லாரும் இவளைத்தான் மலடி என்று ஏசுகிறார்கள் என்று போன தடவைதான் சொல்லியிருந்தாள். சுற்றி நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்கும்படியாக, உரத்த குரலில் அஞ்சலை சொன்னாள்: "யக்கா, மிச்சம் இருந்தா அந்தாளுக்கும் ஒண்ணு போடு, குத்தம் யாருதுன்னு ஊரு பாக்கட்டும்!"

கமிட்டி, இரண்டாம் தரிசனம்

முள்ளெலியும் ஏணி காட்டியது. ஆனால் படிகளின் இடைவெளி கோழியைவிட அதிகம், அதாவது முடிச்சுக்கு முடிச்சு நார் கூடுதல் நீளம். முதல் தடவை என் கைப்பிழை என்று நினைத்தேன். திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே அகலம். கோழியையும் முள்ளெலியையும் ஒரே ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினேன். குருடருக்கும் தெரியும் வித்தியாசம். அதைப் படம் பிடித்தேன்.

ஆறு மாசம் கழித்து அதே கார், அதே தங்க ஃபிரேம். இதற்குள் கப்பல் பத்திரிகை எங்களுக்கும் வந்திருந்தது, அவர்களுக்கும் வந்திருந்தது. தலைவர் முதலில் கோழியைப் பார்த்தார். "இதைத்தான் வெளிநாட்டுல எல்லாரும் பாத்துட்டாங்களே. இதுல நீ புதுசா என்னம்மா பண்ணினே?" என்றார். போன தடவை யாருமே பார்க்காதது குற்றம், இந்தத் தடவை எல்லாரும் பார்த்தது குற்றம். சரி, போகட்டும் என்று முள்ளெலியைக் காட்டினேன். "இது அவங்க படத்தோட ஒத்துப் போகலையே" என்றார். "ஆமா சார், அதுதான் புதுசு." "ஒத்துப் போகலேன்னா தப்புன்னு அர்த்தம்மா." என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறப்பதற்குள் ஓர் அதிசயம் நடந்தது. கமிட்டியை ஒரு நாளும் எதிர்த்துப் பேசியறியாத தாமோதரன் சார் நாற்காலி பின்னால் சாய்ந்து விழும்படி எழுந்து நின்றார். "தப்பா சரியான்னு நேர்ல வந்து பாருங்க. காலையில ஓட்டின ஜெல் இருக்கு" என்றார். தலைவரின் கையையே பிடித்து இருட்டறைக்குள் அழைத்துக்கொண்டு போனார்.

ஊதா விளக்கில் இரண்டு ஏணிகளும் பக்கத்தில் பக்கத்தில் பளிச்சென்று நின்றன. தலைவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு படியாக விரலால் தொடர்ந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த விரல் சொல்லப் போவதில் என் வாழ்க்கை இருந்தது. நிமிர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்த இருட்டில் தீர்ப்பு வந்தது: "கண்ணுக்குத் தெரியுதுங்கறதுக்காக எல்லாத்தையும் நம்பிட முடியுமா? இன்னும் ஒரு வருஷம் தர்றோம், இந்தப் பிழையைத் திருத்திக் கொண்டு வாம்மா."

பிழை திருத்தம்

முதலில் கோபம் பொங்கியது. காரின் புகை அடங்கினதும் சிரிப்பு வந்துவிட்டது. பிழை என்றால் என்ன, சரி என்றால் என்ன, ஒரு வருஷம் கிடைத்துவிட்டதே! விழுப்புரத்துக்கு எழுதிப் போட்டேன். பாங்க் மாப்பிள்ளை ஏற்கெனவே வேறு இடத்தில் தாலி கட்டிவிட்டார் என்று அப்பா பதில் எழுதினார். நான் அவருக்கு மனசார வாழ்த்துச் சொன்னேன். அந்த வருஷம் முழுக்க, கடல் ஒத்துழைத்த நாளிலெல்லாம் கோவளம் போனேன். பிழை திருந்துவதாக இல்லை. படிகள் அங்குலம் அசையாமல் அதே அகலத்தில் நின்றன. சார் மட்டும் காலையில் வந்ததும், "என்னம்மா, திருந்திச்சா?" என்று கேட்பார். "இல்ல சார், பிடிவாதமா இருக்கு" என்பேன். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். உள்ளுக்குள் பயம்தான். இதே படத்தோடு அந்தத் தங்க ஃபிரேம் முன்னால் நின்றால் பட்டம் கிடைக்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தீசிஸ் அச்சடிக்கக் கொடுத்த பிறகு ஒரு கட்டுப் பத்திரிகை வந்தது. பிரித்தால், எங்கேயோ ஒரு தேசத்தில் யாரோ முள்ளெலியைப் பார்த்திருக்கிறார்கள். இடைவெளி கோழியைவிட அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் அழுத நான் இந்தத் தடவை பஜாருக்கு ஓடி அல்வா வாங்கி வந்து கூடம் முழுக்கக் கொடுத்தேன். முந்திக்கொண்டார்களே என்று வயிறு எரியவில்லையா என்றால், எரிந்தது, ஏன் எரியாது? ஆனால் பட்டம் வந்துவிடும் என்பதும் தெரிந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வில் அதே தலைவர். தீசிஸில் நான் வைத்திருந்தது இருட்டறைத் தீர்ப்பு நாளில் அவர் மேஜையில் கிடந்த அதே படம். ஒரு கோடு கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் பத்திரிகையை ஒரு கையிலும் என் படத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு திருப்தி பரவியது. தாமோதரன் சார் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, கண்ணைத் திறந்தபடியே தலைவர் சொன்னார்: "பாத்தியாம்மா, ஒரு வருஷம் கூடக் குடுத்ததும் பிழையெல்லாம் திருந்தி எவ்வளவு சரியா வந்திருக்கு!"

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியதில் நான் அறிந்துகொண்டது இதுதான்: செங்கல்பட்டில் கண்ணால் கண்டது உண்மையாக வேண்டுமானால், அது ஒரு தரம் கடல் கடந்து போய், வேறு யார் பேரிலாவது திரும்பி வர வேண்டும்.